கை இழந்தவளுக்காகக் கண்ணீர் சிந்தியவர்கள்

நாடக வரலாறு எழுதப் புகுவோர் முதலில் நூலாசிரியரைப் பற்றி எழுதுவர். அடுத்து நடிகரைப் பற்றி எழுதுவர். தரையில் பாய் விரித்து அமர்ந்து, மடியில் குழந்தை உறங்க, பின்னிரவு வரை கண் விழித்திருந்து பார்த்த மக்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்களின்றி நாடகம் இல்லை. அவர்கள் எதைக் கண்டு அழுதார்கள், யாரைக் கண்டு வியந்தார்கள், வீடு திரும்பியபின் அந்த நடிகரை எப்படி நடத்தினார்கள் என்பன எல்லாம் ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய உதவும் சான்றுகள் ஆகும்.

இந்நோக்கோடு, தமிழ் மண்ணில் ஊர் ஊராகச் சென்ற இசை நாடகங்களுள் கத்தோலிக்கராகிய நமக்கு மிகவும் நெருக்கமான ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம். அது ‘ஞானசௌந்தரி’.

கதை வந்த வழி

ஞானசௌந்தரியின் கதை நம் பாட்டிமார் அறிந்த கதை. தருமர் என்னும் அரசனின் மகள் ஞானசௌந்தரி. தாயை இழந்த அவளைச் சிற்றன்னையாகிய லேனாள் வெறுக்கிறாள். அரசன் நாட்டில் இல்லாத வேளையில் அவளைக் காட்டுக்கு அனுப்பி, கைகள் இரண்டையும் வெட்டச் செய்கிறாள். குருதி வடியக் கிடந்தவளை இளவரசன் பிலேந்திரன் கண்டு காப்பாற்றி மணக்கிறான். அவன் பிரிந்து சென்ற காலத்தில் பொய்க் கடிதங்களால் மீண்டும் வஞ்சிக்கப்பட்டு, பெற்ற பிள்ளைகளோடு அவள் மீண்டும் காடு சேர்கிறாள். தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைத் திரும்பப் பெறுகிறாள். பிரிந்தவர் கூடுகின்றனர். சொல்வோருக்கு ஏற்பச் சிற்சில மாறுதல்கள் உண்டு. கதையின் உயிர் இதுவே.

இக்கதைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பிலிப் தெ ரெமி இயற்றிய ‘மானெகின்’ என்னும் காவியத்தின் தலைவி தன் கையைத் தானே துண்டித்துக்கொண்டவள். பின்னர்ப் புதுமையால் அதனைத் திரும்பப் பெற்றவள். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நடிக்கப்பெற்ற அன்னை மரியாவின் புதுமை நாடகங்களிலும் இக்கதை இடம்பெற்றது. 1812-இல் வெளிவந்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் கைகளற்ற பெண்ணின் கதை ஒன்று உண்டு. கடல் கடந்து தமிழுக்கு வந்தபோது அது அம்மானையாகவும் நாட்டுக்கூத்தாகவும் வடிவெடுத்தது. ஈழத்தில் மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒவ்வொன்றாகப் பதிப்பித்தார். 1964-இல் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, 1966-இல் ‘மூவிராசாக்கள்’ என்பவற்றை அடுத்து, 1967-இல் ‘ஞானசவுந்தரி’ நாடகமும் அவர் முயற்சியால் அச்சேறியது.

இவை கத்தோலிக்கர் கத்தோலிக்கருக்காக ஆடியவை. தமிழகத்திலோ வேறொரு வியப்பு நிகழ்ந்தது. கத்தோலிக்கர் அல்லாத ஒரு பெருங்கலைஞர் இக்கதையைக் கையிலெடுத்தார்.

சங்கரதாஸ் சுவாமிகளும் பாலர் சபைகளும்

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கராகப் பணியாற்றிப் பின்னர் நாடகத் துறையில் நுழைந்தவர். கத்தோலிக்க மறை மூன்றரை நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்த முத்துக்குளித்துறையே அவர் வாழ்ந்து பழகிய சூழல். முருகனையும் சிவனையும் பாடிய அவர், ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ ஆகியவற்றோடு ‘ஞானசௌந்தரி’யையும் இசை நாடகமாக யாத்தார். வள்ளிக்கும் சாவித்திரிக்கும் அளித்த அதே தமிழை, அதே பண்களை, தேவமாதாவை நோக்கிக் கதறும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கும் அளித்தார்.

1918-இல் சுவாமிகள் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்னும் சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற தி. க. சண்முகம் தம் தமையன்மாரோடு அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 6. இத்தகைய பாலர் சபைகள் பல அக்காலத்தில் தோன்றின. ஒவ்வொரு சபையும் ஓர் ஊரில் பல வாரங்கள் தங்கும். கொட்டகை எழும்பும். பறையறைந்து வண்டியில் சென்று துண்டு நோட்டீசு வழங்குவர். இரவில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்கத் திரை உயரும். பெண் வேடங்களையும் சிறுவரே தாங்கினர். வசூல் குறைந்ததும் திரைச்சீலைகளையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் செல்வர். தமிழகத்தோடு நில்லாது இலங்கைக்கும் கடல் கடந்த பிற நாடுகளுக்கும் சென்ற குழுக்களும் உண்டு.

கொட்டகையில் கூடியோர்

அக்கொட்டகையில் கூடியவர் யார்? முன்னே நாற்காலியில் ஊர்ப் பெரியவர்கள். அடுத்துப் பெஞ்சில் கடைக்காரர், எழுத்தர், ஆசிரியர். தரையில் உழவரும் கூலியாளரும். தனிப் பகுதியில் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கதை முன்பே தெரியும். அடுத்து என்ன நிகழும் என்று அறிய அவர்கள் வரவில்லை. தெரிந்த துன்பத்தை ஒரு நல்ல குரல் எப்படிப் பாடுகிறது என்று கேட்கவே வந்தார்கள். பாட்டுப் புத்தகத்தை வாங்கி மறுநாள் வீட்டில் பாடிப் பார்த்தார்கள். பிடித்த பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ என்று குரல் எழுப்பினார்கள்; நடிகரும் கதையை நிறுத்தி மீண்டும் பாடியாக வேண்டும். மகிழ்ந்தோர் மேடையேறிப் பதக்கம் சூட்டினர்.

நாடகம் அம்மக்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சுவாமிகளின் வாழ்விலேயே சான்று உண்டு. இளமையில் அவர் எமன், சனீசுவரன் முதலிய அச்சமூட்டும் வேடங்களைத் தாங்கி நடித்தார். எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்ததைக் கண்டு, பார்வையாளருள் இருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது என்றும், சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரை எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்நீத்தாள் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் அவர் நடிப்பதை விடுத்து, எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். தம் கலை ஓர் எளிய உள்ளத்தில் என்ன செய்யும் என்பதற்குத் தாமே பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு மனிதரை இங்கே காண்கிறோம்.

ஞானசௌந்தரி நாடகத்தில் நடிகருக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. மேடை நடிப்புக்குக் கையே பெருந்துணை. உள்ளத்தில் உள்ளதைக் கை காட்டும். கண் அதனைத் தொடரும். இங்கோ, கை வெட்டப்பட்ட காட்சிக்குப்பின் அச்சிறுவன் தன் கைகளை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு, முகத்தாலும் குரலாலும் மட்டுமே நடித்தாக வேண்டும். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளவும் அவளுக்குக் கை இல்லை. அழும் பிள்ளையை அள்ளி எடுக்கவும் கை இல்லை. சொல்ல வேண்டியது அனைத்தையும் பாட்டே சொல்லியாக வேண்டும்.

இக்காட்சியைக் கண்டு அழுதவர்களுள் செபமாலை ஏந்தியவரும் இருந்தனர். திருநீறு அணிந்தவரும் இருந்தனர். கத்தோலிக்கருக்கு அது தம் நம்பிக்கையின் புதுமை. மற்றவருக்கோ அது நல்லதங்காளின் துயரைப் போன்ற ஒரு துயர். சாவித்திரியின் உறுதியைப் போன்ற ஓர் உறுதி. தாயற்ற மகளுக்கு ஒரு தாய் இரங்குகிறாள் என்பதை விளக்க மறைக்கல்வி தேவைப்படவில்லை. திருச்சபையின் பல மறையுரைகள் சென்றடையாத இல்லங்களுக்குள் தேவமாதாவின் பெயரை ஓர் இந்துப் புலவரின் பாட்டும் ஓர் இந்துச் சிறுவனின் குரலும் கொண்டுசென்றன. இதனை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

அந்நன்றிக்குரியவர் சுவாமிகள் மட்டுமல்லர். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை தம் ‘மதுரை தேவி பால விநோத சங்கீத சபா’வின் வழியாக, ‘இராமதாஸ்’, ‘தசாவதாரம்’, ‘சபரிமலை ஐயப்பன்’ ஆகிய நாடகங்களோடு ‘ஏசுநாதர்’ நாடகத்தையும் ஊர்தோறும் நடத்தினார். வியத்தகு காட்சியமைப்புகளுக்குப் பெயர்பெற்றது அவர் சபை. ஐயப்ப பக்தியைத் தமிழகத்தில் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படும் அவர், கிறிஸ்துவின் வாழ்வையும் அதே மேடையில், அதே பயபக்தியோடு காட்டினார்.

பின்னர் 1948-இல் ஞானசௌந்தரியின் கதையைச் சிட்டாடல், ஜெமினி ஆகிய இரு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் திரைப்படமாக்கின. மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது சிட்டாடலின் படமே. ஜெமினி தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிட்டாடல் படத்துக்கு இசையமைத்த எஸ். வி. வெங்கட்ராமன், எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’வுக்கும் இசையமைத்தவர். கண்ணனைப் பாடிய பக்தைக்கும் தேவமாதாவைப் பாடிய பேதைக்கும் இசை ஒரே உள்ளத்திலிருந்து பிறந்தது.

திரை விழுந்த பின்

இதுவரை கூறியவை மகிழ்ச்சிக்குரியவை. மறுபக்கத்தையும் பார்ப்பதே நேர்மை.

ஞானசௌந்தரியாக நின்று ஊரையே அழவைத்த அந்தச் சிறுவன் யார்? பெரும்பாலும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. வீட்டில் உணவில்லாமையால் சபையில் சேர்க்கப்பட்டவன். ம. கோ. இராமச்சந்திரனும் அவர் தமையன் சக்கரபாணியும் வறுமை காரணமாகவே இளமையில் ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’யில் சேர்ந்தனர். அவர்களைப் போலப் பெயர் பெற்றவர் சிலர். பெயர் அறியப்படாமல் மறைந்தவர் பலர். பெற்றோரைப் பிரிந்து, அடிபட்டுப் பாடம் பயின்று, இரவெல்லாம் நின்று நடித்துப் பகலில் உறங்கிய குழந்தைகள் அவர்கள். பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்று அதனைக் கூறுவர். அன்றோடு பெண் வேடத்துக்குரிய குரல் போய்விடும். பலருக்குச் சபையில் இடமும் போய்விடும்.

மேடையில் அரசனாகக் கண்டு கைகூப்பியவனைத் தெருவில் ‘கூத்தாடி’ என்று அழைத்தது ஊர். நாடகக்காரருக்கு வீடு கொடுக்கத் தயங்கியது. விடுதலைப் போராட்டப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸை எண்ணிப் பாருங்கள். அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டம் பெரிது. ஆயினும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் அவரோடு இணைந்து நடிக்க மறுத்தவர்கள் இருந்தனர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இவ்விடத்தில் ஊரை மட்டும் குறைகூறித் திருச்சபை ஒதுங்கிக்கொள்ள இயலாது. 314-இல் கூடிய ஆர்ல் சங்கம், நடிகர்கள் அத்தொழிலில் இருக்கும்வரை அவர்களைத் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கி வைத்தது. அன்றைய உரோமை அரங்கின் கொடுமையும் ஒழுக்கக்கேடும் அதற்குக் காரணமாயின என்பது உண்மை. ஆனால் காரணம் மறைந்தபின்னும் தண்டனை மறையவில்லை. 1673 பிப்ரவரியில் பிரான்சின் ஒப்பற்ற நாடக ஆசிரியரும் நடிகருமான மோலியேர், மேடையில் நடிக்கையில் நோய் முற்றி, சில மணி நேரத்தில் வீட்டில் இறந்தார். இறுதி வேளையில் அழைக்கப்பட்ட குருக்கள் இருவர் வர மறுத்தனர். முறையான அடக்கம் மறுக்கப்பட்டு, அரசனின் தலையீட்டால் இரவு வேளையில், ஆரவாரமின்றி அவர் புதைக்கப்பட்டார். அவர் நாடகத்தைக் கண்டு சிரித்தவர்களும் கிறிஸ்தவர்களே. அவருக்கு மண் மறுத்தவர்களும் கிறிஸ்தவர்களே.

அதே திருச்சபைதான், மேடையில் திருமுழுக்கைக் கேலி செய்து நடித்துக்கொண்டிருந்தபோதே மனந்திரும்பி மறைசாட்சியானார் என்று மரபு கூறும் ஜெனேசியுவை நடிகர்களின் பாதுகாவலராக வணங்குகிறது. அதே திருச்சபைக்குத்தான், நாத்சிப் படையின் கீழிருந்த கிராக்கூவ் நகரில் 1941-இல் மறைவாக வீடுகளில் நாடகம் நடத்திய இளைஞர் ஒருவர், பின்னாளில் இரண்டாம் ஜான் பால் என்னும் பெயரில் திருத்தந்தையானார். 1999-இல் உயிர்ப்புப் பெருவிழா நாளில் கலைஞர்களுக்கென்றே அவர் ஒரு மடல் எழுதினார். மறைந்துபோன மோலியேர்களுக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த ஆறுதலாக அதனைக் கொள்ளலாம்.

அகுஸ்தினாரின் வினா

பார்வையாளரின் கண்ணீரைப் பற்றி நம் மரபில் மிக ஆழமாகச் சிந்தித்தவர் புனித அகுஸ்தினார். இளமையில் கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளில் மயங்கிக் கிடந்தவர் அவர். தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில் அவர் எழுப்பும் வினாவின் சாரம் இது: தான் பட விரும்பாத துன்பத்தை மேடையில் கண்டு துயருற மனிதன் ஏன் விரும்புகிறான்? அங்கே அவன் உதவி செய்ய அழைக்கப்படவில்லை. துயருறுவதற்கு மட்டுமே அழைக்கப்படுகிறான். எவ்வளவு மிகுதியாக அழுகிறானோ அவ்வளவு மிகுதியாக நடிகனைப் பாராட்டுகிறான்.

கை இழந்தவளின் புலம்பலுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும் இரசிகனைப் பார்த்து எழுப்பப்பட்ட வினாவாகவே இது நமக்குத் தோன்றுகிறது. அவள் துயர் மீண்டும் ஒருமுறை நிகழ வேண்டும் என்று அவன் கேட்கிறான். தான் மீண்டும் ஒருமுறை அழுது இன்புற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறான்.

அகுஸ்தினாரின் கண்டிப்பு முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணீர் பொய்யன்று. சிற்றன்னையின் கொடுமையை வீட்டிலேயே பட்டவள், கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள், தன் துயரை வெளியே சொல்ல முடியாதவள், அக்கொட்டகையின் இருளில் பிறர் காணாமல் அழுதிருப்பாள். ஞானசௌந்தரியின் பெயரால் தனக்காகவே அழுதிருப்பாள். அந்த அழுகை ஒரு வேண்டுதல். அதனைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் அவர் வினாவின் கூர்மை மழுங்கவில்லை. அழுதபின் என்ன செய்தோம்? நூலின் நற்செய்தியாளர் லூக்கா, சிலுவையடியில் நின்ற கூட்டத்தைப் பற்றிக் கூறுகையில், அந்தக் காட்சியைக் காண வந்திருந்தோர் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிச் சென்றதாகக் குறிப்பிடுகிறார். ‘காட்சி’ என்பதற்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல், நாடக அரங்கைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வரவில்லை. பார்த்தார்கள், மனம் நொந்தார்கள், திரும்பிச் சென்றார்கள். அரிமத்தியா யோசேப்போ பார்த்ததோடு நில்லாமல் பிலாத்துவிடம் சென்று உடலைக் கேட்டுப் பெற்று, இறக்கி, துணியில் சுற்றி அடக்கம் செய்தார். மார்பில் அடித்துக்கொண்ட கைகளுக்கும் உடலைத் தாங்கிய கைகளுக்கும் உள்ள வேறுபாடே இரசிகனுக்கும் சீடனுக்கும் உள்ள வேறுபாடு.

இன்றைய நமக்கு

பாலர் சபைகள் மறைந்துவிட்டன. ஆனால் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பகுதிகளில் சுவாமிகளின் நாடகங்களை ஆடும் இசை நாடகக் கலைஞர்கள் இன்றும் உள்ளனர். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் தளராது திருப்பாடுகளின் நாடகங்களை மக்கள் முன் நிறுத்தியது. நம் பங்கு விழாக்களிலும் நாடகக் குழுவினர், மேளக்காரர், கூத்துக் கலைஞர் வந்து போகின்றனர்.

அவர்கள் வரும்போது நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? மேடைக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு, கலைஞரின் கூலியில் மட்டும் பேரம் பேசுகிறோமா? விருந்தினர் உண்டபின் எஞ்சியதை அவர்களுக்கு அளிக்கிறோமா? வேடம் மாற்ற மறைவான ஓர் அறையும், பெண் கலைஞர் அச்சமின்றி உறங்க ஓர் இடமும் ஒதுக்குகிறோமா? அக்குழுவில் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை ஒருவன் இருந்தால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கிறோமா? இவை சிறு வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் அகுஸ்தினாரின் வினாவுக்கு நம் பங்கு கூற வேண்டிய விடை இவற்றில்தான் அடங்கியுள்ளது.

ஞானசௌந்தரிக்குத் தேவமாதா கைகளைத் திரும்பத் தந்தார் என்பது கதை. அக்கதையை நமக்குப் பாடிக் காட்டிய எத்தனையோ சிறுவர்கள் தம் இளமையை, கல்வியை, இறுதியில் குரலையும் இழந்தார்கள். இழந்ததைத் திருப்பித் தரும் புதுமை அவர்களுக்கு நிகழவில்லை. அவர்கள் வழிவந்தோர் இன்று நம் ஊருக்கு வருகின்றனர். அடுத்த திருவிழாவில் திரை விழுந்து, கைதட்டல் ஓய்ந்தபின், மேடைக்குப் பின்புறம் ஒருமுறை சென்று, அவர்கள் உண்டார்களா என்று கேட்போமாக.